அயல்துளை மயக்கம்: உறைந்த ஏரியில் இளையோர் தூண்டிலிடுதல் பற்றிய ஆய்வு

உறைந்த ஏரியின் மீது துளையிட்டுத் தூண்டில் போட்டு அமர்ந்திருக்கும் இளைஞன், தன் துளையைவிட அடுத்தவன் துளையிலேயே மீன் மிகுதி என்று ஐயமற நம்பும் நிலை இங்கு 'அயல்துளை மயக்கம்' எனப்படும். 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்ற பழமொழி இதை முழுவதும் விளக்காது. ஏனெனில் சனவரி மாதத்து வட மினசோட்டாவில், ஊசியிலை மரங்களைக் கழித்துவிட்டால், எக்கரையிலும் பச்சை கிடையாது.

மயக்கத்தை ஆராய ஏற்ற களம், அமெரிக்கச் சாரணர் இயக்கம் ஈலி என்னும் சிற்றூரை அடுத்து 1923 முதல் நடத்திவரும் முகாமாகும். இங்கு குளிர்காலத்தில் நடக்கும் பயிற்சிக்கு, வெண்பனி ஆந்தையைக் குறிக்கும் இனுயிட் மொழிச் சொல்லான 'ஓக்பிக்' பெயராயிற்று. அருகிலுள்ள டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2 அன்று பதிவான மைனஸ் 51 டிகிரி செல்சியஸே மினசோட்டா மாநிலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை என்பதால், ஆந்தையை முன்மாதிரியாகக் கொண்டதில் தவறில்லை. பனியைக் குவித்து, அது இறுகியபின் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான குச்சிகளை வெளியிலிருந்து செருகி, அவற்றின் நுனி தென்படும்வரை உள்ளிருந்து குடைந்தெடுக்கும் 'குவின்சி' என்ற குகையில் பிள்ளைகள் உறங்குகின்றனர். குடிநீர்ப் புட்டியைத் தலைகீழாக வைக்கின்றனர். நீர் மேலிருந்தே உறையும் என்பதால், கவிழ்த்த புட்டியின் வாய் கடைசிவரை திறந்திருக்கும்.

ஏரியும் அப்படியே உறைகிறது. 4 டிகிரியில் நீரின் அடர்த்தி உச்சத்தை எட்டுவதால் அந்நீர் அடியில் தங்க, அதனினும் குளிர்ந்தது மேலே நின்று உறைகிறது. ஆகவே அடியிலுள்ள மீன் 4 டிகிரியில் நிம்மதியாக இருக்க, அதைப் பிடிக்க வந்தவன் மைனஸ் இருபதில் மூக்குச் சிவந்து காத்திருக்கிறான். இருவரில் யார் வலையில் விழுந்தவர் என்பது தனி ஆய்வுக்குரியது.

தெளிந்த புதுப் பனிக்கட்டி நான்கு அங்குலமாவது இருந்தால்தான் அதன்மீது நடக்கலாம் என்பது அங்குள்ள விதி. திருகு வடிவத் துளைப்பானால் குடைந்தபின், பூரி பொரிக்கும் வீட்டில் ஜல்லிக்கரண்டி செய்யும் வேலையை இங்கும் ஒரு கரண்டி செய்கிறது. துளையில் மிதக்கும் சில்லுகளை அது வாரியெடுக்கிறது. வாரிய ஐந்தாம் நிமிடத்தில் மீண்டும் ஏடு படியும், மீண்டும் வார வேண்டும். தன் துளையில் ஒன்றுமில்லை என்பதை ஒருவன் இவ்வாறு நாள் முழுதும் உற்று நோக்குகிறான். அயலான் துளையையோ மீன் வெளிவரும் கணத்தில் மட்டுமே திரும்பிப் பார்க்கிறான். மயக்கத்தின் வேர் இந்தக் கணக்குப் பிழையே.

அதற்கு நீர் ஊற்றுவது கொடித்தூண்டில், அதாவது துளையின் குறுக்கே வைத்துவிட்டால் மீன் இழுக்கும்போது தானே ஒரு சிறு கொடியை நிமிர்த்தும் கருவி. கொடி நிமிர்ந்ததும் குழு முழுவதும் தத்தம் தூண்டிலைப் போட்டது போட்டபடி விட்டு அங்கே ஓடுகிறது. கொடி காற்றுக்கும் நிமிரும் என்பது ஓடிச் சேர்ந்தபின்பே நினைவுக்கு வருகிறது. குளிரில் மந்தமான மீன் இரையை மெல்லவே தொடும் என்பதால், ஆளில்லாத தூண்டிலை எது தொட்டுவிட்டுப் போனது என்று எவரும் அறியார்.

கோடையில் ஒரு தூண்டிலுக்கே இடம்தரும் மினசோட்டாச் சட்டம், பனிக்கட்டியின் மீது ஆளுக்கு இரண்டை அனுமதிக்கிறது. இதனால் நோய் தணியும் என்று கருதியவர்கள் ஏமாந்தனர். முதல் துளையருகே அமர்ந்தவனுக்குத் தன் இரண்டாம் துளையே அயல்துளையாகிவிடுகிறது.

நடைமுறையில் பலன் தந்த மருந்து ஒன்றுதான்: காலையில் வேண்டிய துளைகளைப் போட்டு முடித்ததும் துளைப்பானைக் குழுத்தலைவர் தம் சறுக்குவண்டியில் கட்டி, அதன்மேல் தாமே உட்கார்ந்துகொள்வது. அவ்வண்டியிலேயே இரவுணவுக்கான இறைச்சியும் இருக்கும்.