எந்த நல்லூர், ஐயா?

எல்லை வகுக்கவும் பெயர் சூட்டவும் அதிகாரம் பெற்ற மேன்மைதங்கியோருக்கு,

யாழ்ப்பாணத்து நல்லூர்வாசி ஒருவர் பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். விண்ணப்பதாரருக்கு யார்மீதும் கோபமில்லை. தான் எந்த ஊரான் என்று எழுத்தில் ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான்.

அவர் குடியிருப்பது கந்தசுவாமி கோயிலடியில். காலைப் பூசை மணி அடித்தால் அடுப்படி வரை கேட்கும். இந்த ஒரு சான்றை வைத்தே தன்னை நல்லூரான் என்று அவர் இத்தனை காலமும் நம்பியிருந்தார். தாங்கள் வரைந்த கோடுகளைப் பார்த்தபிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. கோயில் நல்லூர்ப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருக்கிறது. நல்லூர்ப் பிரதேச சபையின் எல்லைக்குள் இல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் வழிவந்த அந்தச் சபை கொக்குவிலை ஆள்கிறது, கோண்டாவிலை ஆள்கிறது, திருநெல்வேலியை ஆள்கிறது. நல்லூரானை மட்டும் ஆளவில்லை. கோயிலும் தேர் ஓடும் வீதிகளும் கச்சான் கடைகளும் 1949இல் உருவான யாழ்ப்பாண மாநகர சபையின் எல்லைக்குள் வருகின்றன.

ஆகவே விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போகும்போது விண்ணப்பதாரர் நல்லூரார். ஆதனவரி கட்டப் போகும்போது யாழ்ப்பாணத்தார். 25 நாள் நல்லூர்த் திருவிழா நடக்கும்போது, நல்லூர்ப் பிரதேச சபையின் தவிசாளர் சட்டப்படி பக்கத்து ஊர்க்காரர்; சட்டையைக் கழற்றிவிட்டு மற்ற அடியார்களோடு அடியாராக வரிசையில் நிற்க வேண்டியவர்.

இதே கோட்டின் மறுபக்கத்தையும் தாங்கள் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் யாழ்ப்பாண மாநகர சபைக்குள் இல்லை. அது இருப்பது நல்லூர்ப் பிரதேச சபைக்குள், திருநெல்வேலியில். நல்லூர்க் கோயில் யாழ்ப்பாணத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நல்லூரில் என்று வெளியூர்க்காரர் ஒருவருக்கு விளக்கி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. அந்தத் திருநெல்வேலியும் தாமிரபரணிக் கரையில் இருப்பது அல்ல என்பது தனிக்கதை. ஊர்ச் சனம் அதைத் ‘தின்னவேலி’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறது.

தேர்தல் தொகுதி என்று இன்னொரு நல்லூர் உண்டு. 1960இல் டாக்டர் இ. மு. வி. நாகநாதனை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது அந்த நல்லூர்தான். 1977இல் அங்கே வென்ற மு. சிவசிதம்பரம் வடமராட்சிக் கரவெட்டிக்காரர். இவை போதாதென்று விதானைப் பிரிவுகளில் நல்லூர் வடக்கு, நல்லூர் தெற்கு, நல்லூர் இராஜதானி என்றும் உண்டு. இராச்சியம் விழுந்து 400 ஆண்டுகள் கடந்தும் இராஜதானி ஒரு கிராம அலுவலரின் பொறுப்பில் பத்திரமாக இருப்பது விண்ணப்பதாரருக்கு உண்மையாகவே ஆறுதல்.

பெயர்க் குழப்பத்துக்குத் தாங்கள் மட்டுமே காரணம் என்று அவர் சொல்ல வரவில்லை. நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளும் இந்த விஷயத்தில் சிக்கனக்காரர்கள். ஒருவர் செகராசசேகரன் என்று முடிசூடினால் அடுத்தவர் பரராசசேகரன். அவருக்குப் பின் மறுபடி செகராசசேகரன். சிங்கள மன்னர்களும் சிறிசங்கபோ, சலாமேவன் என்று இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடியவர்களே. செகராசசேகரம், பரராசசேகரம் என்ற பெயர்களில் வைத்திய நூல்கள் எழுந்தன. இணுவிலில் இரண்டு பெயரிலும் பிள்ளையார் கோயில்கள் நிற்கின்றன. ஆக, பரராசசேகரத்தைத் தேடிப் போகிறவர் அரசனிடம் போகலாம், கஷாயத்திடம் போகலாம், மோதகத்திடமும் போகலாம். இவர்களுக்கெல்லாம் அடையாள அட்டை வழங்கும் வேலை தங்கள் தலையில் விழாதது பெரும் பாக்கியம்.

சங்கிலியன் சிக்கல் இன்னும் கூர்மையானது. 1544இல் மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொல்வித்த முதலாம் சங்கிலி ஒருவர். 1619இல் பறங்கியரிடம் அரசை இழந்து, கோவாவில் கொல்லப்பட்ட சங்கிலி குமாரன் வேறொருவர். இருவருக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இந்த இருவரையும் ஒருவராக்கிவிட்டது. முத்திரைச்சந்தியடியில் குதிரைமேல் வாளோடு நிற்கும் சிலையைப் பார்த்து “இது எந்தச் சங்கிலி?” என்று வெளியூர்க்காரர் கேட்டால் ஓட்டோக்காரர் “எங்கட சங்கிலி” என்பார். விண்ணப்பதாரர் வாசித்த எந்த ஆய்வுக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாக விடை சொன்னதில்லை.

கோயில் கட்டியவரும் பெயரால் மாட்டிக்கொண்டவர்தான். புவனேகபாகு என்று மரபு சொல்கிறது. வைபவமாலைப்படி அவர் முதல் ஆரியச்சக்கரவர்த்தியின் மந்திரி. வேறு சிலருக்கு அவர் 1450 வாக்கில் கோட்டை இராச்சியத்திலிருந்து படையெடுத்து வந்து நல்லூரைப் பிடித்த சப்புமல் குமாரயா. பின்னர் ஆறாம் புவனேகபாகுவாகக் கோட்டையில் முடிசூடியவர். சிங்கள அரசர் வரிசையில் அந்தப் பெயரில் ஏழு பேர் இருக்கிறார்கள். கோயிலில் இன்றும் கட்டியம் கூறும்போது புவனேகபாகுவின் பெயர் ஒலிக்கிறது. எண்ணைச் சொல்வதில்லை, முருகனுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். ‘கோயில்’ என்பதும் ஒன்றல்ல. 1621இல் பறங்கித் தளபதி பிலிப் தெ ஒலிவேரா இடித்தது வேறிடத்தில் நின்ற கோயில். இன்று நாம் தேங்காய் உடைப்பது ஒல்லாந்தர் காலத்தில் குருக்கள் வளவில் எழுந்த கோயிலுக்கு.

இந்த மண்ணின் ஞானப்பிரகாசர்களும் இருவர். பறங்கியருக்கு முறைவைத்து மாடு கொடுக்க மனமில்லாமல் தின்னவேலியை விட்டே வெளியேறி, சிதம்பரத்தில் குளம் தோண்டியவர் சைவ முனிவர். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் கத்தோலிக்கக் குருவானவர், 1947இல் மறைந்த மொழியறிஞர். ஒருவரின் நூலை மற்றவரின் தட்டில் வைக்கும் நூலகருக்கு இரண்டு சமயத்தாரிடமும் பேச்சு நிச்சயம்.

கடல் கடந்தால் கதை நீள்கிறது. ஐந்து நிறம் காட்டும் லிங்கம் என்று தலபுராணம் பேசும் திருநல்லூர் கும்பகோணத்துப் பக்கம். சம்பந்தர் திருமணக் கோலத்திலேயே சோதியில் கலந்த நல்லூர்ப்பெருமணம் இன்றைய ஆச்சாள்புரம். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரின் நல்லூர் இடைக்கழிநாட்டில். பெங்களூர் விமான நிலையமிருக்கும் தேவனஹள்ளிப் பக்கத்திலும் ஒரு நல்லூர் உண்டு. அங்குள்ள கிழட்டுப் புளியந்தோப்பு 2007இல் இந்தியாவின் முதலாவது பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்த நல்லூருக்குக் கந்தன் இல்லாவிட்டாலும் புளி இருக்கிறது. 

19ஆம் நூற்றாண்டு மிஷனரிமார் தங்கள் பங்குக்கு இன்னொரு முடிச்சுப் போட்டார்கள். 1818இல் வந்த ஜோசப் நைட்டின் சபையார் நம் நல்லூரை ஆங்கிலத்தில் நெல்லூர் என்றே எழுதினார்கள். 1823இல் அவர் இங்கே தொடங்கிய பள்ளிக்கூடந்தான் பின்னர் சுண்டிக்குளிக்குப் போய்ப் பரியோவான் கல்லூரியானது. ஆந்திரத்து நெல்லூரிலோ 1840 முதல் அமெரிக்க பாப்டிஸ்டுகள் தெலுங்கில் பிரசங்கித்துக்கொண்டிருந்தார்கள். சீமையில் காணிக்கை போட்ட பக்தர் எந்த நெல்லூரின் ஆன்மாக்களுக்குக் காசு கொடுத்தாரோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

இத்தனைக்கும் நடுவில் சனங்கள் தடுமாறியதில்லை. ஆறுமுக நாவலர் தம் பதிப்புகளின் முகப்பில் ‘யாழ்ப்பாணத்து நல்லூர்’ என்று அச்சிட்டார்; வேலை முடிந்தது. புலம்பெயர்ந்தவர்கள் மைன் ஆற்றங்கரைப் பிராங்போட்டையும் ஓடர் ஆற்றங்கரைப் பிராங்போட்டையும் குழப்பாமல் ரயில் ஏறுகிறார்கள். “நல்லூரில நிக்கிறன்” என்று தொலைபேசியில் சொன்னால் “கோயிலடியோ, கந்தோரடியோ?” என்ற ஒரு கேள்வியில் விஷயம் தெளிந்துவிடும். தடுமாற்றம் முழுக்கப் படிவங்களில்தான்.

எனவே விண்ணப்பதாரர் ஒரு யோசனையை முன்வைக்கிறார். நல்லூர்க் கோயிலில் அர்ச்சனைச் சீட்டின் விலை நெடுங்காலம் ஒரு ரூபாயாக இருந்தது. சீட்டை நீட்டினால் பெயரோடு நட்சத்திரத்தையும் சொல்ல வேண்டும். முன்னால் நிற்கும் கந்தசாமியும் பின்னால் நிற்கும் கந்தசாமியும் அங்கே ஒருபோதும் மாறிப்போவதில்லை. ஒருவர் ரோகிணி, மற்றவர் விசாகம். தாங்களும் அடுத்த வர்த்தமானியில் ஒவ்வொரு நல்லூருக்கும் ஒரு நட்சத்திரம் ஒதுக்கலாம். பிரதேச செயலகம் கார்த்திகை, பிரதேச சபை பரணி, தேர்தல் தொகுதி மூலம். கோயில் இருக்கும் நிலத்துக்கு மட்டும் தாங்கள் எதையும் ஒதுக்க வேண்டாம்.

அது கைகூடாவிட்டால், நல்லூர்ப் பிரதேச சபையின் எல்லையை இன்னும் கொஞ்சம் தெற்கே தள்ளி, நல்லூரில் ஒரு பரப்புக் காணியையாவது அதற்கு ஒதுக்கும்படி வேண்டுகிறார். பெயர்ப்பலகை நட்டால் போதும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
நல்லூர்வாசி (பிரதேச செயலகத்தின்படி)
யாழ்ப்பாணவாசி (ஆதனவரிப் பற்றுச்சீட்டின்படி)

பிரதி: சங்கிலி மன்னர், முதலாமவர் அல்லது இரண்டாமவர், முத்திரைச்சந்தி, நல்லூர்.