பரிசில் கடாநிலை

வேதியியலிலோ கட்டமைப்பு உயிரியலிலோ பிஎச்.டி. செய்ய நினைக்கும் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து 42,000. 2023 ஜனவரி முதல் இதுதான் தொகை. எந்த மாதத்துப் பணம் எந்த மாதம் வரும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். தெரியாததைத் தேடுவதுதானே ஆராய்ச்சி, அதை வங்கிக் கணக்கிலிருந்தே தொடங்கட்டும் என்ற நல்லெண்ணம். வள்ளல் இழுத்தடித்தால் நினைவூட்டிப் பாடுவதற்குச் சங்கப் புலவர்கள் 'பரிசில் கடாநிலை' என்று ஒரு துறையே வைத்திருந்தார்கள். அந்த மரபு அழியாமல் காப்பவர்கள் இன்று நம் ஸ்காலர்கள்தான். அகவலுக்குப் பதில் மின்னஞ்சல், அவ்வளவுதான் வித்தியாசம்.

வேதியியலுக்கு அரசு தரும் மரியாதையும் கொஞ்சமல்ல. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களுக்கான இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்ந்தது. சீமைச் சரக்குக்கு இருந்த அதே அந்தஸ்து! விஞ்ஞானிகள் கூச்சப்பட்டு வேண்டாம் என்றதால், சில நாட்களிலேயே ஆய்வு உபயோகத்துக்குப் பழைய 10 சதவீதமே ஆனது.

கைடுகளின் கருணையைச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி எட்டு மாதம் 24 குழித் தட்டுகளில் சொட்டுச் சொட்டாகப் புரதம் வைத்து, படிகம் வளர்ந்திருக்கிறதா என்று தினமும் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். ஒருநாள் ஓரத்தில் பளபளவென்று ஒரு படிகம். ஊசியால் மெல்லத் தொட்டாள். புரதமாக இருந்தால் நொறுங்கியிருக்கும். இது கல்லு மாதிரி நின்றது. உப்பு. "உப்பும் படிகம்தானேம்மா" என்று கைடு தேற்றினார். அப்புறம் நிஜப் படிகமே வளர்ந்து, பேப்பரும் வந்தது. அவள் பெயர் நான்காவது. முதல் பெயர், ஃப்ரிட்ஜ் வாங்கக் கையெழுத்துப் போட்டவருடையது. கையெழுத்து இல்லாமல் ஃப்ரிட்ஜ் வருமா?

முன்னோடிகளையும் நாம் மறப்பதில்லை. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்ட வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் உலகம் முழுக்கப் புரதக் கட்டமைப்புகளைச் சரிபார்க்கிறார்கள். ஆகவே கருத்தரங்கு தோறும் ராமச்சந்திரன் படத்துக்கு மாலை உண்டு. மாலைக்கான பணம் தாமதமானதாக நான் கேள்விப்பட்டதில்லை. 2009-இல் நோபல் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணன் பிறந்தது சிதம்பரத்தில். பிறக்கும் வேலைக்கு வேண்டிய வசதியை நாம் செய்து கொடுத்தோம். ரைபோசோம் போன்ற மிச்சத்தைக் கேம்பிரிட்ஜ்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ஆகவே பிள்ளைகளே, தயங்காமல் வாருங்கள். வரும்போது ஆறு மாத வாடகையைக் கையோடு எடுத்து வாருங்கள்.