நீள நோட்டுக் கணக்கப்பிள்ளை

திருநெல்வேலியில் நாலு கிளையும் இரண்டு குடோனும் உள்ள எந்த மொத்த வியாபாரக் கம்பெனியிலும் இவர் ஒருவர் இருப்பார். ஐம்பத்தைந்து தாண்டிய வயது, நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் நீலம் ஒன்று சிவப்பு ஒன்று என்று இரண்டு பேனா. மேஜையில் கம்ப்யூட்டர், ஆயுத பூஜைக்கு மானிட்டர் மூலையில் வைத்த சந்தனப் பொட்டு அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அழியாது. கீபோர்டுக்குப் பக்கத்தில், பழைய காலண்டர் தாளில் அட்டை போட்ட நீள நோட்டு. பகலெல்லாம் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த நோட்டைப் பிரித்து எழுத ஆரம்பிப்பார். டவுண் கடையையும் அம்பாசமுத்திரம் கிளையையும் ஒரே திரையில் பார்க்க ஆசைப்பட்டு, லட்சக்கணக்கில் பணம் கட்டிப் புது சாப்ட்வேர் இறக்கிய முதலாளி மகனுக்கு இந்த நோட்டைக் கண்டாலே ஆகாது. ‘பெருசு மாறவே மாட்டேங்குது’ என்பது அவர் தீர்ப்பு. கம்பெனியில் அந்தச் சாப்ட்வேர் ஓடுவதே இந்த நோட்டின் தயவில்தான் என்பது என் கட்சி.

மாறாதவர் என்ற குற்றச்சாட்டு முதல் வாய்தாவிலேயே தள்ளுபடியாக வேண்டியது. மவுஸ் இல்லாமல் டாஸில் ஓடிய டாலி கணக்குச் சாப்ட்வேர் காலத்திலிருந்து இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்பது மூளைக்கு முன்னால் விரலுக்குத் தெரியும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது வாட் கணக்கை மூடிப் புதுக் கணக்கைத் திறந்தவர் இவர். 2020இல் டாலி பிரைம் வந்து திரையில் பாதி இடம் மாறியபோது இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு மூன்றாம் நாள் பழகிக்கொண்டவரும் இவர். 2023 ஆகஸ்டில் ஐந்து கோடி விற்றுமுதல் தாண்டியவர்களுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்றானபோது, முதலாளி மகன் கொடைக்கானலில் இருந்தார். பிறகு நோட்டு எதற்கு? புதுச் சாப்ட்வேர் போடும்போது பழையதையும் கொஞ்ச காலம் கூடவே ஓட்டி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்வது அந்தத் தொழில்காரர்களே சொல்லும் முறை. பாரலல் ரன் என்பார்கள். நம் கணக்கப்பிள்ளை அண்ணாச்சி செய்வதும் அதுதான். இதுவரை வந்த எந்தச் சாப்ட்வேரும் அவரிடம் பாஸாகவில்லை, அவ்வளவே.

ஏன் பாஸாகவில்லை என்பதற்கு நோட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாப்ட்வேரில் ஏறிய கணக்கின் நகல் அதில் கொஞ்சம்தான். மீதியெல்லாம் ஏறாத கணக்கு. கடன் தவணையை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்ட்வேர் கேட்பது நாள்: முப்பதா, அறுபதா, தொண்ணூறா? சேரன்மகாதேவிப் பக்கத்து உரக்கடைக்காரர் சொன்னதோ, “பிசானம் அறுத்துத் தாரேன்.” பயிற்சி கொடுக்க வந்த பையன் தொண்ணூறு என்று போடச் சொல்கிறான். தொண்ணூற்றோராம் நாள் அந்தப் பெயர் திரையில் சிவப்பாகிறது, முதலாளி மகன் போனை எடுக்கிறார், அண்ணாச்சி கையைப் பிடிக்கிறார். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களும் தேதி பார்த்து விளைவதில்லை. பாபநாசம் அணையைப் பார்த்து விளைகின்றன. காருக்கு ஜூனில் தண்ணீர் திறந்தால் ஒரு கணக்கு, தென்மேற்குப் பருவமழை பிணங்கித் திறப்பு தள்ளிப்போனால் வேறு கணக்கு. அதனால்தான் அவர் காலையில் பேப்பரைப் பிரித்ததும் அணை நீர்மட்டத்துக்குப் போகிறார். முதலாளி மகன் அதைப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறார். அது வசூல் நிலவர அறிக்கை. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த பேய்மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரல் கடைத்தெரு தண்ணீருக்குள் போனது. அந்த மாதக் கடைசியில் எந்தச் சாப்ட்வேரும் ஏரல் பாக்கியை வழக்கம்போல் சிவப்பில்தான் காட்டியிருக்கும். நோட்டில் அந்தப் பெயர்களுக்கு நேரே சிவப்புப் பேனாவில் இருப்பது இரண்டே சொல்: ‘தண்ணி. கேக்கவேண்டாம்.’ இந்தத் தகவலுக்குச் சாப்ட்வேரில் கட்டம் கிடையாது. குறிப்பு எழுத ‘ரிமார்க்ஸ்’ என்று ஓர் இடம் உண்டே என்பார்கள். உண்டு. அங்கே எழுதியதை வசூல் பட்டியல் எடுத்துப் பார்ப்பதில்லை.

கட்டம் இல்லாத இடம் ஒரு தொல்லை என்றால், கட்டம் இருக்கிற இடம் பெரிய தொல்லை. வாடிக்கையாளர் செல்போன் எண் இல்லாமல் பில் சேவ் ஆகாது என்று புதுச் சாப்ட்வேருக்குப் பிடிவாதம். வாசலில் லோடு ஆட்டோ நிற்கிறது, கடைக்காரரின் செல் சார்ஜ் இறங்கிக் கிடக்கிறது, அவருக்கு நம்பர் மனப்பாடமில்லை. அண்ணாச்சி தன் நம்பரைப் போட்டு பில்லை அடிக்கிறார். இப்படி ஒரு வருஷம் ஓடினால், கம்பெனியின் முந்நூறு வாடிக்கையாளர்களுக்கும் ஒரே செல் நம்பர். தீபாவளி வாழ்த்து முந்நூறும் அண்ணாச்சிக்கே வரும். போன் சூடேறி அணைந்துவிடும். வருஷக் கடைசியில் அந்தத் தகவலை வைத்துத்தான் ‘கஸ்டமர் அனலிட்டிக்ஸ்’ என்று வண்ண வட்டங்கள் போட்டு முதலாளிக்குக் காட்டுகிறார்கள். அரிசிக் கணக்கிலும் இதே கதை. 2022 ஜூலை 18 முதல், சிப்பமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரைக்கும் ஐந்து சதவீத வரி என்றார்கள். 25க்கு மேல் வரி இல்லை. தமிழ்நாட்டு அரிசி ஆலைகள் பரபரவென்று 26 கிலோ மூட்டை கட்டத் தொடங்கின. சாப்ட்வேரில் 26 கிலோவுக்குப் புது ஐட்டம் திறக்கத் தலைமை அலுவலக அனுமதி வேண்டும். நோட்டில் திறக்கப் பேனா மூடியைத் திறந்தால் போதும்.

இந்த இடத்தில் ஒரு கனைப்புச் சத்தம் கேட்கும். தனி நோட்டு என்றால் ரெண்டாம் நம்பர் கணக்குதானே? அப்படிப்பட்ட நோட்டுகள் நாட்டில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவை மேஜை மேல் காலண்டர் அட்டையோடு கிடப்பதில்லை. இந்த நோட்டின் ஒழுக்கத்தைப் பாருங்கள்: ரப்பர் கிடையாது, வொயிட்னர் கிடையாது. தப்பாக எழுதியதை ஒரே கோட்டில் அடித்து, கீழே இருப்பது படிக்கிற மாதிரி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதித் தேதியோடு சுருக்கொப்பம். பதிவு பெற்ற கம்பெனிகளின் கணக்குச் சாப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்த வசதியை யாரும் அணைக்கக் கூடாது என்று மத்திய அரசு 2021இல் விதி போட்டு, இரண்டு முறை தள்ளிவைத்து, 2023 ஏப்ரல் 1 முதல் அமலாக்கியது. அண்ணாச்சி தள்ளிவைக்கவில்லை.

மனிதன் எழுதினால் பிழை வரும், கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்பது அடுத்த ஆட்சேபம். பிரிட்டனில் தபால் நிலையம் நடத்தியவர்களைக் கேட்டுப்பார்க்கலாம். ஹொரைசன் என்ற சாப்ட்வேர் பணம் குறைவதாகக் காட்டியதை நம்பி, 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டவர்களைக் குற்றவாளிகள் ஆக்கினார்கள். அந்தத் தீர்ப்புகளை மொத்தமாக ரத்து செய்ய 2024இல் நாடாளுமன்றம் சட்டமே போட வேண்டியதாயிற்று. செலவழித்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஜெர்மனியின் லிட்ல். ஏழு வருஷம், சுமார் 50 கோடி யூரோ கொட்டிவிட்டு 2018இல் தன் புதுச் சாப்ட்வேரைக் கைகழுவியது அந்தக் கடைச் சங்கிலி. சரக்கிருப்பை வாங்கிய விலையில் மதிப்பது அவர்கள் வழக்கம்; சாப்ட்வேர் விற்கிற விலையில் மதித்தது. நம் அண்ணாச்சியாக இருந்தால் முதல் நாளே, “தம்பி, இதுல ஏறாத கணக்க எங்கன வைக்க?” என்று கேட்டிருப்பார். அம்பது கோடி மிச்சம்.

வெளியூர்ச் சரக்குக்கு நம்மூர்க் கணக்கு புரியாது என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ சாப்ட்வேர் கம்பெனி இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடுதான் சேர்கிறது. உலகத்துக்கே கம்பெனி நடத்தச் சாப்ட்வேர் எழுதுகிற பிள்ளைகள் இந்த ஆற்றுப் படுகையிலேயே இருக்கிறார்கள். யார் எழுதியது என்பதில் கோளாறு இல்லை, யாரைக் கேட்டு இறக்கினார்கள் என்பதில்தான். விற்க வருகிறவர் ஏசி அறையில் முதலாளிக்குப் பிடித்த திரையை ஓட்டிக் காட்டி, வடையும் காப்பியும் சாப்பிட்டுக் கையெழுத்து வாங்கிப் போகிறார். நோட்டு வெளியே மேஜையில் கிடக்கிறது. அதை ஒரு மணி நேரம் வாங்கிப் படித்தால், என்னென்ன கட்டம் வேண்டும் என்ற பட்டியல் காசில்லாமல் கிடைக்கும்.

படிக்க முடிந்தால். இங்கே அண்ணாச்சிக்காக நான் வாதாட மாட்டேன். ‘தெ.க.பா. - ஆ.மு. - கொடைக்கு அப்புறம்’ என்று ஒரு வரி. அவர் ஒருவரைத் தவிர ஆண்டவனுக்கும் அர்த்தம் தெரியாது. கிறுக்கல் கையெழுத்து என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். அந்தக் கையெழுத்துதான் அவர் வேலைக்குப் பாதுகாப்பு என்பது அவருக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அறுபது முடிந்த பிறகும் “இன்னும் ஒரு வருஷம் இரும் அண்ணாச்சி” என்று பெரிய முதலாளி சொல்வது பாசத்தால் மட்டும் அல்ல.

அவர் போன பிறகு இந்த வழக்கம் ஒழியும் என்று முதலாளி மகன் காத்திருக்கிறார். அந்த நாற்காலிக்கு பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் படித்த பெண் வருகிறாள். நோட்டு கிடையாது, பேனாவே கிடையாது. ஆறு மாதத்தில் அவள் கம்ப்யூட்டரில் ‘பைனல் நியூ 2’ என்று ஓர் எக்ஸல் முளைக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அதைத் திறந்து, எந்தக் கடை எப்போது தரும், யாரைக் கேட்கக் கூடாது என்று நிரப்புகிறாள். ஏரல் வரிசைக்கு மஞ்சள் நிறம் அடித்து வைத்திருக்கிறாள். எழுத்து இப்போது யாருக்கும் புரியும். திறக்கத்தான் பாஸ்வேர்டு வேண்டும், அது முதலாளி மகனுக்குத் தெரியாது.