அட்வான்ஸ் கொடுத்து வைத்தவர்

“கேமரா வாங்கிட்டீங்களா?” என்று அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால், “அட்வான்ஸ் குடுத்து வெச்சிருக்கேன்” என்பார். 2017-லிருந்து இதே பதில்தான். இதற்கிடையில் ஓசூர் நகராட்சி மாநகராட்சியாகிவிட்டது. அவருடைய அட்வான்ஸ் மட்டும் இன்னும் அட்வான்ஸாகவே இருக்கிறது.

சிப்காட்டில் ஏதாவது ஒரு கம்பெனியில், குவாலிட்டி பிரிவில் இருப்பார். பகலெல்லாம் கையில் வெர்னியரும் மைக்ரோமீட்டரும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தள்ளியிருந்தாலும் சிவப்பு டேக் கட்டி ஓரமாக வைத்துவிடுவார். அப்படிப் பழகிய கை ஒரு கேமராவை மட்டும் எப்படி ‘ஓகே’ பண்ணும்?

அட்வான்ஸ் கொடுத்த கடை பெங்களூரில் இருக்கிறது. “அங்க டேக்ஸ் கம்மி சார்.” 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வரிதான். அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன? மலிவு என்றால் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் என்பது ஓசூர்க்காரர் ரத்தத்தில் ஊறியது. போதாததற்கு, “கடையில நம்ம ஆள் இருக்கான்.”

அந்த ‘நம்ம ஆள்’ கொடுத்த ரசீதை நானும் பார்த்திருக்கிறேன். கடையின் விசிட்டிங் கார்டு. அதன் பின்பக்கம் நீல பால்பாயின்ட் பேனாவில் ‘அட்வான்ஸ் 10,000’ என்று எழுதியிருக்கிறது. தேதியும் இல்லை, முத்திரையும் இல்லை. கீழே ‘டி850’, அதன் மேல் ஒரு கோடு. அடுத்து ‘இசட்7’, அதன் மேலும் கோடு. ‘இசட்9’, கோடு. கடைசியாக ‘இசட்8’. அதற்குக் கீழே இன்னும் இரண்டு மாடலுக்கு இடம் இருக்கிறது. பர்ஸில் ஆதார் அட்டைக்கு முன்னால் அதை வைத்திருக்கிறார்.

ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2017 ஆகஸ்டில் நிக்கான் டி850 அறிவிப்பு வந்தது. பாடி மட்டும் இரண்டரை லட்சம். எங்கும் ஸ்டாக் இல்லை. வீட்டிலிருந்த பழைய டி90-ஐ விற்று அட்வான்ஸ் கட்டினார். ஸ்டாக் வந்தபோது ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது. “குறைப்பாங்க, பாருங்க” என்றார். 2019 ஜனவரியில் டிஜிட்டல் கேமராவுக்கு 18 ஆகக் குறைத்தே விட்டார்கள். அவர் காத்திருந்ததற்குக் கிடைத்த ஒரே நியாயம் அதுதான். அதனால் அன்றிலிருந்து யார் என்ன வாங்கப் போனாலும், “கொஞ்சம் பொறுங்க” என்கிறார்.

அதற்குள் இசட்7 வந்துவிட்டது. 1959-லிருந்து லென்ஸ் மாட்ட இருந்துவந்த எஃப் மவுன்ட்டை ஒதுக்கி, நிக்கான் புது மவுன்ட்டுக்குப் போய்விட்டது. “இனிமே எஃப்-ல காசு போடறது வேஸ்ட்” என்று அட்வான்ஸை மாற்றினார். மாற்றிய பிறகுதான் லென்ஸ் ஞாபகம் வந்தது. அவரிடம் ஒரு பழைய 80-200 இருக்கிறது. நல்ல கனமான, அருமையான லென்ஸ். ஆனால் அதற்குள் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி850-இல் அந்த மோட்டார் உண்டு. புது பாடியில் நிக்கானின் அடாப்டர் போட்டால் லென்ஸ் உட்காரும், படமும் வரும், ஆட்டோஃபோகஸ் மட்டும் வராது.

“யானை முன்னாடி நின்னுக்கிட்டு கையால ஃபோகஸ் திருப்ப முடியுங்களா சார்?”

யானை என்றதும் சிரிக்க வேண்டாம், அது நிஜம். ராகி விளையும் பருவத்தில் பன்னர்கட்டா பக்கமிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் சானமாவு காடுவரை வரும். அதைப் படமெடுக்கத்தான் இத்தனையும்.

2021 அக்டோபரில் இசட்9 வந்தது. நாலே முக்கால் லட்சம். ஆர்டர் குவிந்துவிட்டது, தாமதமாகும், மன்னிக்கவும் என்று கம்பெனி அறிவித்தது. அதை ஒரு வாரம் டீக்கடையில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். ஜப்பானே தன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்ட நிறைவு முகத்தில். மன்னித்து, காத்திருந்து, ஸ்டாக் வந்ததும், “1,340 கிராம் சார், கழுத்து தாங்காது” என்றார். 2023 மே மாதம் இசட்8 வந்தது. அதே சென்சார், 910 கிராம், விலையும் லட்சத்துக்கு மேல் குறைவு. அடுத்த மாதமே 180-600 லென்ஸும் அறிவித்தார்கள். இனி ஒரு சாக்கும் இல்லை என்று நாங்கள் நிம்மதியானோம்.

“600-ல எஃப் 6.3 சார். யானை வர்றதே பொழுது சாஞ்சப்புறம். எஃப் 4 இருந்தா ரெண்டரை மடங்கு வெளிச்சம் உள்ள வரும்.”

எஃப் 4 வாங்கலாமே?

“அது கார் விலை சார்.”

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் கொடுமை. பாடி நாலைந்து வருஷத்தில் பழசாகும், லென்ஸ் இருபது வருஷம் உழைக்கும், காசை லென்ஸில் போடு என்று அவர் சொல்வது சத்தியமான பேச்சு. பாகலூர் ரோட்டில் ஒரு பையன் அதை அப்படியே கேட்டான். செகண்ட் ஹேண்டில் ஒரு டி750, கூடவே 50 எம்எம் 1.8 லென்ஸ் வாங்கினான். இன்று முகூர்த்த நாளில் அவனைப் பிடிக்க முடியவில்லை. இவருக்குப் பொறாமை துளியும் கிடையாது. “நான் சொல்லித்தான் வாங்கினான்” என்று மனசாரச் சொல்வார். பையனும் இவரைக் கண்டால் சிகரெட்டைக் கீழே போட்டுவிடுவான். அந்த மட்டும் தங்கமான மனுஷன்.

ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டி90-ஐ விற்ற நாளிலிருந்து அந்த வீட்டில் கேமராவே இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து வளர்ந்துவந்த அவர் மகளுக்கு, வாட்ஸாப்பில் யாரோ அனுப்பிய மங்கலான படங்கள்தான் மிச்சம். போனிலாவது எடுங்களேன் என்றால், “இந்த லைட்டுக்கு 85 எம்எம் வேணும்” என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நிற்பதோடு விடமாட்டார், எடுப்பவன் தோளுக்குப் பின்னால் போய் “பேக்ரவுண்ட் பாரு” என்பார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு, கீழேயே நின்று சீட்டின் சொகுசைப் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் எப்படி ஏறுவது?

கடைக்காரர் பங்கும் இதில் உண்டு. முன்பணம் வாங்கினால் முறைப்படி ரசீது தர வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டமே சொல்கிறது. விசிட்டிங் கார்டின் முதுகு ரசீது ஆகாது. என்ன மாடல், என்ன விலை, எந்தத் தேதிக்குள் வரும், வராவிட்டால் பணம் திரும்புமா என்ற நாலு வரியை எழுதி வாங்க வேண்டாமா? பத்தாயிரம் ரூபாயை இத்தனை வருஷம் வட்டியில்லாமல் வைத்துக்கொள்ள அந்தக் கடைக்கு இவர் என்ன மாமனாரா? 1915-க்கு ஒரு போன் போடுங்கள், 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கிருஷ்ணகிரிக்குப் போனால் போதும், இந்தத் தொகைக்குக் கட்டணம்கூட இல்லை என்று எல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று.

“நம்ம ஆள் மேலயா கேஸ் போடச் சொல்றீங்க?” என்று என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்.

உண்மையில் அவருக்குக் கேமரா வேண்டாம். வாங்கிவிட்டால் அதில் படம் எடுக்க வேண்டிவரும். படம் எடுத்தால் அது நன்றாக இல்லாமலும் போகலாம். அட்வான்ஸில் அந்த ஆபத்து இல்லை. மாதக் கடைசியில் மூணரை லட்சத்துக் கேமராவின் சொந்தக்காரராக நடமாட வெறும் பத்தாயிரம்தான் செலவு.

வரும் தையில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பாகலூர் ரோட்டுப் பையனுக்கு ரெண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். விஷயம் தெரிந்து அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன லென்ஸ் கொண்டுவருகிறான் என்று கேட்பார், பதில் சொல்லி அனுப்பிவிடலாம் என்று தயாராக இருந்தேன்.

“அட்வான்ஸ் குடுத்தீங்களே சார், ரசீது வாங்கினீங்களா?”