பழைய சாமான் ரெட்ரோ ஆவது எப்போது? ஒரு கல்யாண மண்டப ஆய்வு

ஓட்டை உடைசலுக்கும் ரெட்ரோவுக்கும் எல்லைக்கோடு எங்கே என்று யாரும் இதுவரை வரையறுக்காததால், மதுரைப் பக்கம் ஒரு மண்டபத்தில் இரண்டு பந்தி உட்கார்ந்து இந்தக் களப்பணியை முடித்தேன். (முதல் பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது. இரண்டாவது பந்தி ஆய்வு நெறிக்கு உட்பட்டதே.)

கருதுகோள் இது: தாத்தா ஆசையாய் வாங்கி, அப்பா வெட்கப்பட்டுப் பரணில் ஏற்றி, பேரன் வாடகைக்கு எடுத்தால் அது ரெட்ரோ. நடுவில் ஒரு தலைமுறை வெட்கப்பட்டே ஆக வேண்டும். அம்பாசடரைப் பாருங்கள். 2014இல் உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நின்றபோது அதை வாடகை டாக்ஸி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். இன்று மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான் வேண்டுமாம்.

விதிக்கு அடங்காதது வாழ்த்துத் தந்தி. வாசகத்துக்குப் பதில் ஓர் எண்ணைக் குறித்தால் போதும். தாலி கட்டி முடிந்ததும் மேடையில் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். 2013 ஜூலையோடு தந்தியே நின்றுபோனதால் வாடகைக்கு எடுக்க வழியில்லை. ஆகவே அழைப்பிதழைத் தந்தி போல வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள்.

வரவேற்பறையில் குழாய் வைத்த கிராமபோன். ஊசி தட்டைத் தொடவே இல்லை. ‘பாசமலர்’ (1961) படத்துக் கல்யாணப் பாட்டு மேசைத்துணிக்கு அடியில் ஒளித்த புளூடூத் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. பக்கத்திலேயே கோலி சோடா. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. உள்ளே அடைபட்ட வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். மணப்பெண்ணின் தோழிகள் நாலு பேர் மூடியைத் தேடினார்கள். பெரியப்பா ஒருவர் வாங்கி, கட்டைவிரலால் ஒரே அமுக்கு. ‘கீச்’ என்று ஒரு சத்தம், பாதி சோடா வேட்டியில். அந்த மண்டபத்தில் நான் கண்ட ஒரே அசல் அதுதான்.

மொய் மேசையில் மட்டும் க்யூஆர் கோடு. அங்கே காலம் பின்னோக்கிப் போக வீட்டார் இடம் கொடுக்கவில்லை. ஈர வேட்டியோடு பெரியப்பா வந்தார்.

“ஏம்ப்பா, எல்லாம் அறுபதாம் வருஷத்து மாதிரிதானே?”

“ஆமாங்கய்யா.”

பத்து ரூபாய்த் தாளின் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, “எழுதிக்கோ” என்றார். எழுதுகிறவர் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.