சக்கரமும் சமுத்திரமும்: கப்பலேறும் குழந்தைக்கு ஸ்ட்ரோலர் வேண்டுமா என்பது குறித்த ஓர் ஆய்வு

சக்கரம் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ, அந்த வேலை கடலில் நடக்காது. இருந்தும், சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, பூக்கெட் என்று மூன்று நான்கு இரவுகள் சுற்றிவரும் உல்லாசக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாகி, பாஸ்போர்ட்டெல்லாம் ஒரே பைக்குள் போன பிறகு, ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும் வீடுகளில் ஒரு கேள்வி எழுந்தே தீரும்: ஸ்ட்ரோலரை எடுத்துப் போவதா, வேண்டாமா? இதை இதுவரை கணவன் மனைவி சண்டையாக மட்டுமே அணுகியிருக்கிறார்கள். ஒரு துறையாக யாரும் அணுகவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

முதலில் ஆய்வெல்லை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தையைப் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. சமுத்திரத்தைக் குறுக்கே கடக்கும் நெடும்பயணம் என்றால் ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும். அது கீழ் வரம்பு. மேல் வரம்பு மூன்று வயது. அதற்குமேல் பிள்ளை வண்டியில் உட்காராது. உட்கார்ந்தாலும் பார்க்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். இடைப்பட்ட இந்தப் பருவத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. கப்பலின் கிட்ஸ் கிளப்பில் பொதுவாக மூன்று வயதாகி டயப்பரை விட்ட பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். டயப்பர் கட்டிய குழந்தையை நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். விளம்பரத்தில் காட்டுகிற கப்பல் எதுவோ அது இந்தக் குழந்தைக்குக் கிடையாது. அதன் கப்பல் வேறு: நடைவழி, லிஃப்ட், பஃபே. மூன்றும் சக்கரம் உருளும் தலங்கள் என்பது கவனிக்கத்தக்கது.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1733-இல் வில்லியம் கென்ட் என்ற கட்டடக்கலைஞர் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காகச் சிப்பி வடிவில் ஒரு வண்டி செய்து கொடுத்தார். அதை இழுத்துச் செல்ல ஆடு கட்டினார்கள். ஆட்டைக் கப்பலில் ஏற்றுவது கடினம் என்பதால் இவ்வகை நம் ஆய்வுக்கு வெளியே நிற்கிறது. நமக்கு வேண்டியவர் ஓவன் மெக்லாரன். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் இறங்குசக்கரத் தொகுதியில் வேலை பார்த்த இந்த இங்கிலாந்துப் பொறியாளர், 1965-இல் அலுமினியக் குழாய்களைக் கொண்டு குடைபோல் மடங்கும் ஸ்ட்ரோலரை வடிவமைத்தார். எடை மூன்று கிலோகூட இல்லை. விமானச் சக்கரத்தை மடக்க விமானி ஒரு நெம்புகோலைத் தொட்டால் போதும். ஸ்ட்ரோலரை மடக்க இடக்கையில் குழந்தை, வலக்கையில் பால் புட்டி, பல்லிடுக்கில் போர்டிங் பாஸ், வலது காலால் ஒரு மிதி என்று நான்கு செயல்கள் ஒரே கணத்தில் கூடிவர வேண்டும். பின்னால் நிற்கிற வரிசை மொத்தமும் அதை வேடிக்கை பார்க்கும்.

இனி கொள்கைப் பூசல். இத்துறையில் இரு பள்ளிகள் உண்டு: சக்கரவாதம், இடுப்புவாதம். இடுப்புவாதத்தின் தலைமைப் பீடம் பெரும்பாலும் மாமியார். “நாலு பிள்ளைங்கள இடுப்புலயே வச்சு வளர்த்தவ நான். கப்பல்ல போறதுக்கு வண்டி எதுக்கும்மா?” என்பது அப்பள்ளியின் மூலவாக்கியம். இதிலுள்ள தருக்கத்தில் குற்றமில்லை. ஆனால் அந்த இடுப்பு இப்போது எல்-4, எல்-5 என்று எம்.ஆர்.ஐ. அறிக்கையில் இடம்பெற்றுவிட்டது என்பதை மருமகள் சொல்ல முடியாது. மகன் சொல்லலாம், சொல்வதில்லை. இடுப்புவாதத்தின் கிளைப்பள்ளி ஒன்று தூளியைப் பரிந்துரைக்கிறது. கப்பலே ஆடும், அதற்குள் ஒரு சேலைத் தூளியும் ஆடினால் குழந்தை எட்டு மணி நேரம் எழாது என்பது அவர்கள் கணக்கு. ஆசையான யோசனைதான். உத்தரம் வேண்டுமே? கப்பல் அறையின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி ஒட்டும், அதில் தொப்பி மாட்டலாம், ஈரத்துண்டு மாட்டலாம். பேரனை மாட்ட முடியாது.

சக்கரவாதிகளின் சோதனை அறைக்கதவில் தொடங்குகிறது. பல கப்பல்களில் சாதாரண அறைக்கதவின் அகலம் 22, 23 அங்குலம், அதாவது 56 முதல் 58 செ.மீ. சக்கர நாற்காலியில் வருவோருக்கான அறைகளில் மட்டும் 32 அங்குலம். இரட்டைக் குழந்தைகள் அக்கம்பக்கம் உட்காரும் ஸ்ட்ரோலர் ஏறக்குறைய 30 அங்குலம். கதவருகே வந்து நின்றுவிடும். வெளியே நடைவழியிலேயே நிறுத்திவிடலாமே என்றால், கூடாது: தீ, புகை என்று ஏதாவது வந்தால் ஆட்கள் ஓடவேண்டிய வழி அது. அறைக்குள் கட்டில், சோபா, கேட்டால் கொண்டுவந்து போடும் குழந்தைக் கட்டில் எல்லாம் வைத்தபிறகு மிஞ்சும் தரையில் ஒருவர் நிற்கலாம், அடுத்தவர் கட்டிலில் ஏறிக்கொண்டால். ஆனால் கப்பல் கட்டிலுக்கடியில் பெட்டி நுழையுமளவு உயரம் விட்டிருப்பார்கள். மடித்தால் 52, 44, 18 செ.மீ. என்று சுருங்கிவிடும் யோயோ வகை ஸ்ட்ரோலர் அங்கே சுலபமாகப் போய்விடும். இது நோக்கி நாமே யாத்த சூத்திரம்:

மடியாச் சக்கரம் மாகடற்கு ஆகா;
மடிவது கொள்க, மடிவழி அறிக.

உரை: ‘மடிவது கொள்க’ என்றது குடைவகையும் பெட்டிவகையும். ‘மடிவழி அறிக’ என்றதனான், வாங்கிய கடையிலேயே பத்துமுறை மடக்கிப் பார்க்க வேண்டும் என்பதும், அதைக் கணவன் மட்டும் பார்த்தால் போதாது என்பதும் பெறப்பட்டன.

ஆபத்துக் காலத்தில் இவ்விரு பள்ளிகளும் ஒன்றாகிவிடும் என்பதையும் சொல்லவேண்டும். அவசர மணி ஒலித்தால் லிஃப்ட் கிடையாது, படிதான். டைட்டானிக்குக்குப் பிறகு 1914-இல் பிறந்த, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் இன்றைய விதிப்படி, ஒரு நாளோ அதற்கு மேலோ நீளும் பயணத்தில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதனதன் அளவில் உயிர்காப்பு அங்கி இருந்தாக வேண்டும். அதை மாட்டிய குழந்தை ஏறுவது இடுப்பில்தான்.

இப்போது இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு. ஸ்ட்ரோலர் பகலுக்கானது என்றே இரு பள்ளியும் எண்ணிக்கொண்டிருக்கின்றன. தவறு. பகலில் கப்பல் குழந்தை எவ்வளவு கெஞ்சினாலும் வண்டியில் உட்காராது. ஓடும், நடைவழிக் கம்பளத்தில் நெய்த மீனை எண்ணும், அறை சுத்தம் செய்பவரின் தள்ளுவண்டியிலிருந்து சோப்பை எடுக்கும். வண்டி காலியாக, அல்லது துண்டு, தொப்பி, பிளாஸ்க், பாட்டியின் கைப்பை சுமந்து பின்னால் போகும். ஸ்ட்ரோலரின் நேரம் இரவு எட்டரை. கப்பலில் இராச்சாப்பாடு பல இடங்களில் இரண்டு பந்தி. முதல் பந்தி ஐந்தரை, ஆறு மணிக்கு. நம்மவர்களுக்கு அது டிபன் நேரம். ஆகவே எல்லாரும் இரண்டாம் பந்திக்குப் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். சூப் வருவதற்குள் குழந்தை தூங்கிவிடும். வண்டியில்லாத குடும்பத்தில் இப்போது யாராவது ஒருவர் குழந்தையோடு அறைக்குத் திரும்ப வேண்டும். யார் என்பதில் சந்தேகமே வேண்டாம், அம்மாதான். அவருக்கான தட்டில் மூடி போட்டு அறைக்கு அனுப்பச் சொல்வார்கள். வண்டியுள்ள குடும்பத்தில் முதுகுப்பலகையைச் சாய்த்து, மேலே ஒரு துப்பட்டாவைப் போர்த்தி மேசையோரம் நிறுத்திவிட்டால், அம்மா ஐஸ்கிரீம்வரை இருக்கிறார். ஸ்ட்ரோலர் உண்மையில் சுமப்பது குழந்தையை அல்ல, குழந்தையின் தாயை. அதற்குப் பிறகு தியேட்டர் கப்பலின் முன்பக்கம், சாப்பாட்டு ஹால் பெரும்பாலும் பின்பக்கம். ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் போன்ற கப்பல் 347 மீட்டர். தூங்குகிற பன்னிரண்டு கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து பார்த்த எந்த இடுப்புவாதியும் மறுநாள் பழைய வேகத்தில் பேசியதில்லை.

கரையில் நிலைமை வேறு. பூக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு, சிறு படகில் கரைக்கு அனுப்பும். ஸ்ட்ரோலர் மடங்கித்தான் படகேற வேண்டும். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நேராகவே அணையும். இறங்கியதும் எதிர்கொள்வது ஐந்தடி நடைபாதை. 1822-இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த நகரத்திட்டம் கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதை இருந்தாக வேண்டும் என்றது. அதே அமைப்பு இங்கும் உண்டு. படிக்க அழகாக இருக்கிறது. நடந்தால், ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு மட்டம், நடுவில் மோட்டார் சைக்கிள், பூந்தொட்டி, ஊதுபத்தி மாடம். வண்டியைத் தூக்கிக்கொண்டே போய்ச் சேர்வது குவீன் தெருவிலுள்ள 1833-ஆம் ஆண்டின் மாரியம்மன் கோயில். வாசலில் நம் ஆய்வுத்துறையின் தீராச் சிக்கல் காத்திருக்கிறது: சக்கரம் காலணியா? தெருவில் மிதித்து வந்தது அது; ஆனால் யாருடைய காலிலும் இல்லை. ஆகமங்கள் இதுபற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. வழக்கு பேசுகிறது: ஸ்ட்ரோலர் செருப்புகளோடு வெளியே நிற்கிறது, தாத்தா அதற்குக் காவல் நிற்கிறார், அப்படியே நிழலில் உட்காரவும் ஓர் இடம் பார்த்துவிடுகிறார்.

பயணம் முடிந்தது என்று எல்லாரும் நினைக்கும் இடத்தில் ஒரு நாள் மிச்சமிருக்கிறது. கப்பல் காலையில் சிங்கப்பூரில் இறக்கிவிடும். சென்னை விமானம் இரவில். இடைப்பட்ட அந்தப் பகலில் எந்தப் பள்ளியைச் சேர்ந்த குடும்பமும் முஸ்தபா கடைக்குத்தான் போகிறது. அங்கே ஸ்ட்ரோலரின் இருக்கையில் மைலோ டின், கீழ்க்கூடையில் கோடாரித் தைலம் ஒரு டஜன், கைப்பிடியில் நான்கு பைகள். மாமியாரே தள்ளிக்கொண்டு போகிறார். குழந்தை அவர் மகனின் இடுப்பில்.