நலம் விசாரிக்கும் அண்ணாச்சி

திசையன்விளையில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. வியாபாரிகள் சங்கம், ஊர்நலச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் கொடைக் கமிட்டி, ரசிகர் மன்றம் என்று ஆளுக்கு இரண்டு வீதம் வரும். எதை எடுத்தாலும் தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூன்று நாற்காலிக்குத்தான் மல்லுக்கட்டு. தலைவருக்கு மாலை, செயலாளருக்கு மைக், பொருளாளருக்குச் சாவி. இந்த மூன்றும் போன பிறகு மிஞ்சுகிற மனஸ்தாபங்களைச் சரிக்கட்டத்தான் துணைத் தலைவர், இணைச் செயலாளர், கௌரவ ஆலோசகர் எல்லாம். நோட்டீஸ் அச்சுக்குப் போகிற நேரத்தில், "அன்னா, அவரு பேரு விட்டுப் போச்சே! பொறவு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவாருவே" என்று யாராவது சொல்ல, அச்சகக்காரர் மூலையில் இடம் பார்த்து ஒரு வரி செருகுவார்: 'நலப் பொறுப்பாளர்.'

மற்றவர்களுக்கு அது ஆறுதல் பரிசு. அண்ணாச்சிக்கு அதுதான் பிறவிப் பயன்.

அண்ணாச்சியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் பாதகமில்லை, உங்களை அவருக்குத் தெரியும். மும்பையிலோ சென்னையிலோ முப்பது வருஷம் மளிகைக் கடை நடத்தி, மகன் கையில் கல்லாவைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். தோட்டத்தில் கொஞ்சம் முருங்கை, கொஞ்சம் பனை. தேய்த்த வெள்ளைச் சட்டை, எக்ஸ்எல் வண்டி, அதன் முன்பக்கம் தொங்கும் மஞ்சள் பை. காலை இட்லிக்கும் மதியச் சோற்றுக்கும் இடையே ஐந்து மணி நேரம் சும்மா கிடக்கிறது. அந்த ஐந்து மணி நேரமும் அடுத்தவர் நலத்துக்கே.

அவர் வேலை செய்கிற விதத்தை பஸ் ஸ்டாண்டில் பார்க்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வருகிற பஸ் நின்றதும், இறங்குகிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவர்கள் கையில் பெரிய காகித உறை இருக்கும்.

"என்ன தாயி, கவரு பெருசா இருக்கே. ஸ்கேனா? கல்லா, கர்ப்பப்பையா?"

டீக்கடை முழுவதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். அந்தம்மா முந்தானையால் உறையை மூடிக்கொண்டு, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மாதான்" என்பார். சும்மா யாராவது ஸ்கேன் எடுப்பார்களா? அண்ணாச்சி உறையை வாங்கி, படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். தெரிகிறதோ இல்லையோ, "ம்ம்" என்பார். அந்த 'ம்ம்' சாயங்காலத்துக்குள் உவரி வரைக்கும் போய்விடும்.

இதோடு முடிந்தால் அவரை வம்புக்காரர் என்று தள்ளிவிடலாம். ஆனால் அதே அண்ணாச்சிதான் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு அந்தம்மாவை ஏற்றிவிடுகிறவர். அந்தம்மாவின் தம்பிக்கு மும்பைக்குப் போன் போட்டு, "ஏல, அக்கா படம் எடுத்துட்டு வந்திருக்கா, நீ ரூவா அனுப்பாம என்னல பண்ணுத?" என்று அதட்டுகிறவர். மறுநாள் விடியுமுன் மஞ்சள் பையில் முருங்கைக்கீரையோடு அந்த வீட்டு வாசலில் நிற்கிறவரும் அவரே. பணம் வந்துவிடும், கீரை வந்துவிடும், நல்ல டாக்டர் பெயரும் வந்துவிடும். கூடவே, வியாதியின் பெயரும் ஊர் முழுக்க வந்துவிடும்.

இப்படிப்பட்டவரின் தங்கை மகன் மும்பையில் வளர்ந்து, இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்பு இரண்டாம் ஆண்டில் இருக்கிறான். அங்கே இந்து மாணவர் சங்கத்தில் 'வெல்பேர் ஆபீசர்' பதவிக்கு நிற்கப் போவதாக ஒரு ராத்திரி போனில் சொன்னான். அண்ணாச்சி தூங்கவில்லை.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்குச் செய்தி வந்தபோது அது ஏறக்குறைய அரசு உத்தியோகம் ஆகியிருந்தது. நம்மூர்க் காதுக்கு வெல்பேர் ஆபீசர் என்றால் தொழிற்சாலை ஞாபகம்தான் வரும். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி, 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர் வேலை பார்த்த ஆலையில் அப்படி ஒருவரை வைத்தே ஆக வேண்டியிருந்தது, சம்பளத்தோடு. ஆகவே டீக்கடை முதலில் கேட்டது, "மாசம் எவ்வளவு அண்ணாச்சி?"

அண்ணாச்சிக்கே அது தெரியாது. அன்று ராத்திரி ஸ்பீக்கரில் போட்டு விசாரணை நடந்தது.

"சம்பளம் கிடையாது மாமா."

"சரி, காரு?"

"அதுவும் கிடையாது. டீயும் பிஸ்கட்டும் வாங்கச் சங்கத்துல கொஞ்சம் காசு தருவாங்க. அதுக்கும் ரசீது காட்டணும்."

இங்கே கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இப்படி இந்து மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பொதுவான தேசிய இந்து மாணவர் மன்றம் 1991-இல் தொடங்கியது. குஜராத்திப் பிள்ளைகள்தான் அங்கே கூட்டம் அதிகம். நவராத்திரிக்குக் கர்பா ஆட்டம், ஹோலிக்கு வண்ணப்பொடி, தீபாவளிக்கு விருந்து. தமிழ்ப் பிள்ளைகளில் பலர், முக்கியமாக ஈழத்துக் குடும்பத்துப் பிள்ளைகள், தமிழ்ச் சங்கத்துப் பக்கம் போய்விடுவார்கள். நம் பையன் மும்பைக்காரன். குஜராத்தியில் சண்டையே போடுவான். அதனால் இந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டான். வீட்டு நினைப்பில் அழுகிற முதலாண்டுப் பிள்ளை, பரீட்சை பயத்தில் சாப்பிடாமல் கிடக்கிற பிள்ளை, மது இல்லாத கொண்டாட்டமும் சைவச் சாப்பாடும் கேட்கிற பிள்ளை என்று எல்லாரையும் விசாரித்துக்கொள்வதுதான் அந்தப் பதவி. கொஞ்சம் யோசித்தால் நம்மூர்க் கல்லூரி விடுதியில் மெஸ் செயலாளர் பார்க்கிற வேலை. சாம்பாரில் கிடந்த பல்லிக்குப் பதில் சொல்வதுதான் இதில் இல்லை.

"இந்துக் காலேஜ்ல படிச்சவன் நான். இந்து மாணவர் சங்கம் எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார் அண்ணாச்சி. திருநெல்வேலி ம.தி.தா. இந்துக் கல்லூரியில் அவர் பி.யு.சி. படித்தது உண்மை. புதுமைப்பித்தன் 1931-இல் பி.ஏ. முடித்த கல்லூரி. அதன் பள்ளியில் பாரதியும் படித்திருக்கிறார். அண்ணாச்சியின் பி.யு.சி. ரிசல்ட் என்ன ஆயிற்று என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. திசையன்விளையில் கேள்வி கேட்கும் உரிமை ஒருவழிப் பாதை.

அடுத்தது தேர்தல் வியூகம்.

"எதுத்து நிக்கது யாருல?"

"யாருமில்ல மாமா. நான் ஒருத்தன்தான் மனு போட்டிருக்கேன். ஆனா ரான் இருக்கு."

"ரானா? அவன் எந்த ஊருக்காரன்?"

பையன் பாவம், பொறுமையாகத்தான் சொன்னான். மனுவை மறுபடி திறந்து புதிதாக ஆள் தேடச் சொல்கிற ஏற்பாடு அது. ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்தைச் சேர்த்து 'ரான்' என்பார்கள். அங்கத்திய மாணவர் தேர்தல்களில் அதுவும் ஒரு வேட்பாளர் மாதிரி வாக்குச்சீட்டில் நிற்கும். நம் நோட்டாவுக்குத் தூரத்து உறவு, ஆனால் பல் முளைத்த உறவு. நோட்டா 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்தது. நம் சட்டசபை, நாடாளுமன்றத் தேர்தல்களில் அது எத்தனை ஓட்டு வாங்கினாலும் மிச்ச ஆட்களில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்துவிடுவார். ரான் அப்படியல்ல, ஜெயித்தால் வேட்பாளர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், மறுபடி தேர்தல். போட்டியின்றித் தேர்வு என்ற நம்மூர் சுகம் அங்கே கிடையாது. ஒற்றை ஆளாக நின்றாலும் ரானைத் தோற்கடித்தே ஆக வேண்டும்.

அண்ணாச்சி எல்லாம் கேட்டுவிட்டு, "ஆள் விட்டுப் பேசிப் பாப்பமா?" என்றார்.

பேச்சுவார்த்தைக்கு ரான் வரமாட்டான் என்று உறுதியானதும் பிரசாரம் பிளெக்ஸுக்குத் திரும்பியது. ஓட்டுப் போடுகிற ஒரு பிள்ளைகூடத் திசையன்விளையில் இல்லை என்பது அவருக்குத் தடையாகப் படவில்லை. பிளெக்ஸ் எப்போதும் ஓட்டுப் போடுகிறவனுக்காகவா வைக்கிறோம்? நம் நாட்டு மாணவர் தேர்தலுக்கு என்று லிங்டோ கமிட்டி விதிகள் உண்டு. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையில் அமைந்த கமிட்டி சொன்னதை உச்ச நீதிமன்றம் 2006-இல் நடைமுறைப்படுத்தச் சொன்னது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். மனுவிலிருந்து முடிவு வரைக்கும் பத்து நாளில் முடித்துவிட வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் தேர்தல் என்பதே பழைய ஆட்கள் சொல்கிற கதையாகிவிட்டதால், அடுப்பில் ஏறாத பாத்திரம்போல அந்த விதிகள் பளபளவென்று இருக்கின்றன. அண்ணாச்சி வைத்த பிளெக்ஸுக்கு இந்த விதியும் இல்லை, அந்த விதியும் இல்லை. கோட்டு போட்ட மருமகன் படம் மேலே, சின்னதாக. கும்பிட்டபடி தாய்மாமன் படம் கீழே, பெரிதாக. வாழ்த்துகிறவர்கள் வரிசையில் பாதிப் பேருக்கு எதற்கு வாழ்த்துகிறோம் என்று தெரியாது. படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்பதுதான் அவர்கள் கவலை.

அண்ணாச்சி மனைவி, அதாவது பையனின் அத்தை பங்குக்கு உவரி சுயம்புலிங்கசாமிக்கு நேர்ச்சை. கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் குவிக்கிற நேர்த்திக்கடன் அங்கே உண்டு. நோய் தீரவும் பிள்ளை வரம் கேட்டும் சுமந்த பெட்டிகளுக்கு நடுவே, வெல்பேர் ஆபீசருக்காக அத்தை பெட்டி சுமந்தாள். சாமிக்கு என்ன விளங்கியதோ, ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பகுதியிலேயே கேள்வி கேட்காதவர் அவர் ஒருவர்தான்.

பையன் ஜெயித்தான். ரானுக்கும் கொஞ்சம் ஓட்டு விழுந்திருந்தது. அதைத்தான் அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை. "நமக்கு எதுரா குத்தினவன் யாருன்னு லிஸ்டு வாங்குல."

"ரகசிய ஓட்டு மாமா. பாக்க முடியாது."

"அப்பொறம் நீ எப்படில நாளைக்கு அவனுக்கு நலம் பாப்ப?"

உண்மையான தகராறு இதற்குப் பிறகுதான். பதவி ஏற்றதும் பையனுக்குப் பயிற்சி வைத்தார்கள். அதில் சொல்லிக்கொடுத்ததை மாமாவிடம் பெருமையாகச் சொன்னான். யாராவது கஷ்டத்தைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய, வேறு யாரிடமும் மூச்சு விடக் கூடாது. நாமே தீர்த்துவைக்கப் புறப்படக் கூடாது, பல்கலைக்கழகக் கவுன்சிலரிடம் போகச் சொல்லி வழிகாட்ட வேண்டும்.

"கவுன்சிலரா? எந்த வார்டு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன்பே அண்ணாச்சி கொதித்தார். "கேட்டத வெளிய சொல்லாம எப்படில நல்லது நடக்கும்? நான் நாலு பேருக்குச் சொன்னதாலதான் அந்தப் பிள்ளைக்கு மும்பைலேர்ந்து ரூவா வந்துது. வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தா கீர யாருல கொண்டு போவா?"

பையனிடம் அதற்குப் பதில் இல்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டுமானால், தேர் நிற்பது ஊருக்குத் தெரிந்தாக வேண்டும் என்பது அண்ணாச்சி கட்சி. ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணச் செலவு, கருமாதி என்று கைமாற்றால் தீரக்கூடிய கஷ்டங்களுக்கு அவரை மிஞ்ச இங்கிலாந்தில் ஆளில்லை.

ஆனால் நீட் மார்க் வந்த வாரம் அண்ணாச்சியைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அடுத்த தெரு வழியே போன பையன்களை நான் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெட்டியோடு வந்த பெண், பகல் பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்குவதையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கீரை வேண்டாம். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிற ஒருவர் வேண்டும். ஊரில் அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. யாரும் மனு போடவும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் மருமகன் கட்சி.

இதை அண்ணாச்சியிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "என்னவே, கண்ணுக்குக் கீழ கறுத்துக் கிடக்கு. வீட்டுல ஏதும் பிரச்சனையா?" என்றார். அன்று சாயங்காலமே மூன்று வீட்டிலிருந்து என் மனைவிக்குப் போன் வந்தது. மூன்றும் ஆறுதல்.

அண்ணாச்சி இப்போது 'சர்வதேச நல ஆலோசகர்' என்று விசிட்டிங் கார்டு அடித்திருக்கிறார். ஆகவே திசையன்விளைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கேன் கவரைத் துணிப்பைக்குள் போட்டு, மேலே நாலு வாழைக்காயை வைத்துக்கொண்டு இறங்குங்கள். மருந்துச் சீட்டைச் சட்டைப் பையில் வெளியே தெரிய வைக்காதீர்கள். நிஜமாகவே பணமுடை, ஆஸ்பத்திரிக்குத் துணை வர ஆளில்லை என்றால் மட்டும் கவரைக் கையில் நன்றாகத் தெரியும்படி பிடித்துக்கொண்டு இறங்குங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.